பிறப்பா? விருப்பா?

டப்ளின் நகரத்து நீதிமன்றம். ஆண்டு 1867. கூண்டிலே நிற்கிறார் ஜான் வாரன். அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலே பிறந்தவர். பிழைப்பு நாடி அமெரிக்கா சென்றவர். அங்கு மூண்ட உள்நாட்டுப் போரிலே, சென்று சேர்ந்த நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவர். முறைப்படி விண்ணப்பித்து, உறுதிமொழி கூறி, அமெரிக்கக் குடிமகன் ஆனவர். அயர்லாந்தின் விடுதலைக் கிளர்ச்சிக்குத் துணையாகப் படைக்கலன் ஏற்றிய கப்பலிலே வந்தார். 'எரின்ஸ் ஹோப்' என்பது கப்பலின் பெயர். அயர்லாந்தின் நம்பிக்கை என்று பொருள். நம்பிக்கை கரையை நெருங்குவதற்குள் கிளர்ச்சி நசுக்கப்பட்டுவிட்டது. வாட்டர்போர்ட் கரையிலே இறங்கினார், பிடிபட்டார்.

கூண்டிலே நின்ற வாரன் முதலில் கேட்டது கருணையை அன்று. ஜூரியிலே பாதிப்பேர் அயல் நாட்டாராக இருக்க வேண்டும் என்று கேட்டார். கேட்கக்கூடாததைக் கேட்டுவிடவில்லை. அயல் நாட்டான் ஒருவன்மீது வழக்கு நடந்தால் ஜூரியிலே பாதி அயலவர் இருக்கவேண்டும் என்பது, 14ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் சட்டமே தந்திருந்த உரிமை. நீதிமன்றம் மறுத்தது. ஏன்? அவர் அயலவரே அல்லராம்! அமெரிக்கா என்ன தாள் கொடுத்திருந்தாலும் சரி, எந்தக் கொடியின் கீழ் குண்டடிக்கு நெஞ்சு காட்டியிருந்தாலும் சரி, பிறந்தது பிரிட்டிஷ் மண்ணில். ஆகவே சாகும்வரை பிரிட்டிஷ் முடியின் குடி. இதைக் கேட்ட வாரன், தம் வழக்கறிஞரை விலகிக்கொள்ளச் சொன்னார். என்னை யார் என்றே ஏற்காத மன்றத்தில் எனக்கு எதற்கு வாதம் என்பது அதன் பொருள். 15 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

அமெரிக்கா, எம் குடிமகன் என்றது. பிரிட்டன், எம் குடி என்றது. கேளாமலே இரு நாட்டுக் குடியுரிமை வாய்த்துவிட்டது வாரனுக்கு! வாய்த்ததன் பயன் சிறைக்கூடம்.

இன்று டொராண்டோவிலோ இலண்டனிலோ வாழும் நம் இளைஞன் ஒருவன், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடுவதா வேண்டாமா என்று தாளைக் கையிலே வைத்துக்கொண்டு திகைக்கிறான். பிறந்த மண்ணை மறந்தாயோ என்கிறார் தந்தை. இரண்டு பாஸ்போர்ட் இருந்தால் இரட்டிப்பு இலாபம் என்கிறான் தோழன். ஒருவர் அதைப் பாவமென்கிறார். மற்றவர் அதைப் பண்டமென்கிறார். அந்தத் தாளுக்குப் பின்னே நானூறு ஆண்டுகள் நடந்த போராட்டம் இருக்கிறது. அதை அறிந்தவன் தந்தைக்கும் பதில் சொல்லலாம், தோழனுக்கும் சொல்லலாம்.

1603இல் ஸ்காட்லாந்து மன்னன் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னன் ஆனான். அதன்பின் ஸ்காட்லாந்திலே பிறந்த ஒரு குழந்தை, ராபர்ட் கால்வின். குழந்தையின் பெயரால் இலண்டனில் இருந்த நிலத்துக்கு வழக்கு நடந்தது. அயலானுக்கு இங்கிலாந்தில் நிலம் இல்லை என்பது அந்நாள் சட்டம். குழந்தை அயலானா, அன்றா? 1608இல் தீர்ப்பு வந்தது: அயலான் அன்று. காரணம் கூறினார் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக். பிறந்த நொடியிலேயே குழந்தை மன்னனுக்குக் கடன்பட்டுவிடுகிறது. அந்தக் கடனை விதித்தது இயற்கை. மனிதன் எழுதும் சட்டம் அதனை மாற்ற முடியாது!

குழந்தைக்கு நிலம் கிடைத்தது. குடிகளுக்கு விலங்கு கிடைத்தது. தொட்டிலிலே பூட்டிய விலங்கு. சுடுகாடுவரை கழற்ற முடியாத விலங்கு. அதற்கு வைத்த பெயர் இராஜ விசுவாசம். பிறப்பைக் காட்டித் தகுதியும் தொழிலும் விதித்து, அதற்கு இயற்கையையும் இறைவனையும் சாட்சிக்கு அழைத்த நாட்டிலே பிறந்த நமக்கு, இந்த வாதத்தின் முகம் பழக்கமான முகந்தான்.

கடலிலே இந்தக் கொள்கை குருதி குடித்தது. பிரெஞ்சுக்காரரோடு போரிட்ட பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆள் போதவில்லை. அமெரிக்கக் கப்பல்களை வழிமறித்தனர். இங்கே பிறந்தவன் எங்கள் ஆள் என்று மாலுமிகளை இழுத்துச் சென்றனர். ஆயிரக்கணக்கானோர் அப்படி இழுக்கப்பட்டனர். அவர்களிலே அமெரிக்காவில் பிறந்தவரும் உண்டு. 1807இல் 'லெப்பர்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், 'செசபீக்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலையே சுட்டு, நால்வரைப் பிடித்துச் சென்றது, ஒருவனைத் தூக்கிலிட்டது. 1812இல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் போரிலே கனடா எல்லையில் பிடிபட்ட அமெரிக்க வீரர்களுள் அயர்லாந்திலே பிறந்த 23 பேரைத் தனியே பிரித்து, துரோகிகள் என்று விசாரிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினர். அமெரிக்கா, தன் கையிலிருந்த பிரிட்டிஷ் கைதிகள் 23 பேரை எண்ணி எடுத்துப் பிணையாக வைத்தது. தலைக்குத் தலை! 1814இல் அமைதி உடன்படிக்கை எழுதப்பட்டது. போருக்குக் காரணமான மாலுமிகளைப்பற்றி அதிலே ஒரு சொல்லும் இல்லை.

சொல் வருவதற்கு வாரன் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. டப்ளின் தீர்ப்பைக் கேட்டு அமெரிக்க நகரங்கள் கொதித்தன. அமெரிக்கச் சிறப்பு, அங்கு குடியேறியவரிடமும் வாக்குச்சீட்டு இருந்தது! 1868 ஜூலை 27இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது: ஒரு நாட்டின் குடியுரிமையை விட்டு விலகுவது எல்லா மக்களுக்கும் இயல்பாக உள்ள உரிமை. 1608இல் கட்டுவதற்குச் சாட்சிக்கு வந்த இயற்கை, 260 ஆண்டு கழித்து, அவிழ்ப்பதற்குச் சாட்சிக்கு வந்துவிட்டது. 1869இல் வாரன் விடுதலை ஆனார். 1870இல் பிரிட்டனும் பணிந்தது. பிரிட்டிஷ் குடி ஒருவன் விரும்பி வேறு நாட்டுக் குடிமகன் ஆகலாம் என்று சட்டம் செய்தது. வாரன் கேட்டு மறுக்கப்பட்ட பாதி அயலார் ஜூரி முறையை, அதே சட்டத்தின் ஒரு மூலையிலே ஓசையின்றி ஒழித்தும் விட்டது. ஆட்சியாளர் எதையும் வீணாக்குவதில்லை.

விருப்பு வென்றது என்று பாடலாமா? அதற்குள் பாடிவிட வேண்டாம். 1870ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றும் சொன்னது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்தக் கணமே பிரிட்டிஷ் குடியுரிமை போய்விடும். முன்பு வெளியேற முடியாது. இப்போது வெளியேறினால் இரண்டையும் வைத்திருக்க முடியாது. ஒருவனுக்கு ஒரு நாடு, ஒரே நாடு என்பது புதிய வேதமாயிற்று. இன்றும் இந்தியா ஓதுவது இந்த வேதத்தைத்தான். அதனைப் பின்னர் காண்போம்.

அந்த வேதம் முதலில் பலி கொண்டது பெண்களை. கணவன் எந்த நாட்டானோ மனைவியும் அந்த நாட்டாளே என்று பிரிட்டனின் 1870ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. 1907இல் அமெரிக்காவும் அதனைத் தனதாக்கிக்கொண்டது. கலிபோர்னியாவிலே பிறந்து, கலிபோர்னியாவிலேயே வாழ்ந்த எத்தல் மெக்கன்சி, 1909இல் பிரிட்டிஷ்காரர் ஒருவரை மணந்தார். ஊர் மாறவில்லை, வீடு மாறவில்லை. 1911இல் கலிபோர்னியப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அதற்காக உழைத்தவர் எத்தல். வாக்காளர் பட்டியலிலே பெயர் பதியச் சென்றபோது, நீ அமெரிக்கக் குடிமகள் அல்லை என்றனர். 1915இல் உச்சநீதிமன்றமும் அதையே சொன்னது. தாலி கட்டாத நாட்டிலும் தாலியின் ஆட்சி! 1922இல்தான் சட்டம் தளர்ந்தது. அப்போதும் ஒரு விலக்கு: ஆசியக் கணவனை மணந்தவளுக்கு விடிவில்லை. அவளுக்கு 1931 வரையில் விடியவில்லை.

ஆசியன் என்றதும் நினைவுக்கு வருபவர் பகத் சிங் திண்ட். அமிர்தசரசுப் பக்கத்தவர், முதல் உலகப்போரிலே அமெரிக்கப் படைச்சீருடை அணிந்தவர். வெள்ளையர் குடியுரிமை பெறலாம் என்ற சட்டத்தின் முன்னே அவருக்காக வைக்கப்பட்ட வாதம் என்ன தெரியுமா? உயர்ந்த சாதி, ஆரிய இனம், ஆகவே வெள்ளையர்! சாதிச் செருக்கைக் கடல் கடந்து கொண்டுபோய், வெள்ளையன் கடையிலே அடகு வைக்கப் பார்த்தனர். 1923 பிப்ரவரியிலே உச்சநீதிமன்றம் அடகுப் பொருளைத் தூக்கி எறிந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், ஜப்பானியர் ஒசாவாவை, நீ காகேசிய இனம் அன்று, ஆகவே வெள்ளையன் அல்லன் என்று விலக்கிய அதே நீதிமன்றம், திண்ட் வந்தபோது, காகேசிய இனமே ஆனாலும் சாமானியன் கண்ணுக்கு நீ வெள்ளையன் அல்லன் என்றது. இன ஆராய்ச்சியெல்லாம் வாசலிலே நிறுத்தப்படும் என்பதை ஆரியம் பேசியவர்கள் அன்றேனும் உணர்ந்திருக்கலாம். திண்டுக்குக் குடியுரிமை நிலைத்தது 1936இல். முன்னாள் படைவீரர் என்ற தகுதியால்.

அந்தத் தீர்ப்பு திண்டோடு நிற்கவில்லை. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களின் தாள்களையும் பறிக்கப் புறப்பட்டது அமெரிக்க அரசு. பறிகொடுத்தவர்களுள் ஒருவர் வைஷ்ணோ தாஸ் பகாய். பெஷாவரிலிருந்து 1915இல் மனைவி கலாவோடும் மூன்று ஆண் மக்களோடும் சான்பிரான்சிஸ்கோ வந்தவர். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் வாழ மனமின்றி வந்தவர். கடை வைத்தார், வீடு வாங்கினார், 1921இல் குடிமகன் ஆனார். குடிமகன் ஆவதற்குச் சொன்ன உறுதிமொழியிலே பிரிட்டிஷ் மன்னனைத் துறந்தார், மகிழ்ந்தே துறந்தார். 1923க்குப் பின், அமெரிக்கக் குடியுரிமையும் பறிபோயிற்று. குடியுரிமை பெறத் தகுதியற்றவனுக்கு நிலம் இல்லை என்பது கலிபோர்னியச் சட்டம். ஆகவே சொத்தும் கைவிட்டுப் போயிற்று. இந்தியா சென்று உறவினரைக் கண்டுவர விரும்பினார். அமெரிக்கப் பாஸ்போர்ட் கிடையாது. வேண்டுமானால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கேட்டு வாங்கிக்கொள் என்றனர்.

எந்த முடியைத் துறந்தாரோ, அந்த முடியின் வாசலிலே போய்க் கையேந்தச் சொன்னார்கள். பகாய் ஏந்தவில்லை. 1928இல் சான் ஹோசே நகரிலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, எரிவாயுவைத் திறந்துவிட்டு உயிரை முடித்துக்கொண்டார். காரணத்தைச் செய்தித்தாளுக்குக் கடிதமாக எழுதிவைத்தார். இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் வந்தது 1946இல். ஆண்டுக்குக் குடியேற இடம் 100 பேருக்கு! அந்தச் சட்டத்தின் பின்னர் கலா பகாய் அமெரிக்கக் குடிமகள் ஆனார்.

விண்ணப்பத் தாளைக் கையிலே வைத்திருக்கும் இளைஞன், வேறு எதை மறந்தாலும் பகாயை மறக்கலாகாது. அவரைக் கொன்றது இரண்டு நாட்டு ஆசை அன்று. ஒன்றை முழுதாய்த் துறந்து மற்றொன்றை முழுதாய் நம்பியதுதான். ஒருவனுக்கு ஒரே நாடு என்று ஓதியவர்கள், அந்த ஒன்றையும் பிடுங்கினால் அவன் எங்கே நிற்பான் என்பதை எழுத மறந்தனர்.

எழுதவும் பார்த்தனர். 1930இல் உலக நாடுகள் சங்கம் ஹேக் நகரிலே மாநாடு கூட்டி ஓர் ஒப்பந்தம் செய்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு குடியுரிமை இருக்கவேண்டும், ஒன்றே இருக்கவேண்டும் என்பது அதன் முகப்பு. உள்ளே, இரண்டு உள்ளவரைப் பற்றிய ஒரு விதி. இரு நாடுகளில் எந்த நாட்டுக்குள் அவர் இருந்தாலும், அந்த நாடு அவரைத் தன் குடியாகவே நடத்தலாம். மற்ற நாடு அவரைக் காக்கக் குறுக்கே வர முடியாது. இரண்டு பாஸ்போர்ட் இருந்தால் இரட்டிப்பு இலாபம் என்ற தோழனுக்கு இந்த விதியைப் படித்துக் காட்ட வேண்டும். கொழும்பிலே இலங்கைக் குடிமகனாய் இறங்கியவன் சிக்கலிலே மாட்டினால், கனடாத் தூதரகம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கலாம். கட்டாயப்படுத்தி உதவ அதற்கு வழியில்லை.

இரண்டு குடியுரிமை என்றால் இரண்டு கடமை என்பதைக் கடுமையாகக் கற்றவன் தொமோயா கவாகிடா. 1921இல் கலிபோர்னியாவிலே ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவன். பிறந்த மண்ணால் அமெரிக்கன், குருதியால் ஜப்பானியன். 1939இல் ஜப்பான் சென்றான். போர்க்காலத்திலே, அமெரிக்கக் கைதிகள் உழைத்த ஒயெயாமா சுரங்க முகாமில் மொழிபெயர்ப்பாளன் ஆனான். கைதிகளை அடித்துத் துன்புறுத்தினான். போர் முடிந்ததும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு திரும்பிவந்தான். 1946இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கடையொன்றிலே பழைய கைதி ஒருவர் அவனை அடையாளம் கண்டுகொண்டார். போரின்போது நான் ஜப்பானியன் மட்டுமே என்று வாதாடினான். 1952இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மறுத்தது: இரு நாட்டுக் குடியுரிமை உள்ளவன் இரு நாட்டுக்கும் கடன்பட்டவன். மரண தண்டனை உறுதியாயிற்று. 1953இல் ஐசன்ஹோவர் அதை ஆயுள் தண்டனையாக்கினார். 1963இல் கென்னடி, நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் விடுவித்தார். இரட்டைக் குடியுரிமை துரோகத்தின் விளைநிலம் என்போர் கவாகிடாவைக் காட்டுவர். கைதியை அடித்த கை, ஒரே பாஸ்போர்ட் வைத்திருந்த காவலர்களிடமும் இருந்ததே! அவர்களிடம் அதை எந்த விளைநிலம் விளைவித்ததாம்?

காலம் திரும்பியது. 1949 முதல் பிரிட்டன், வேறு குடியுரிமை பெற்றாலும் தன்னுடையது போகாது என்றாக்கியது. போலந்திலே பிறந்து அமெரிக்கக் குடிமகனான ஓவியர் அஃப்ராய்ம், இஸ்ரேல் தேர்தலிலே 1951இல் வாக்களித்தார் என்பதற்காக அமெரிக்கக் குடியுரிமை இழந்தார். 1967இல் உச்சநீதிமன்றம், ஐவர் ஒருபுறம் நால்வர் மறுபுறமாக நின்று, குடிமகன் விரும்பித் துறந்தாலொழிய அரசு பறிக்க முடியாது என்றது. ஒரே ஒரு நீதிபதியின் கணக்கில் தொங்கிய உரிமை! 1977இல் கனடா, 2024இல் ஜெர்மனி என்று கதவுகள் திறந்தன.

இந்தியாவின் கதவு திறக்கவில்லை. அரசமைப்பின் 9ஆம் பிரிவும், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் சொல்வது ஒன்றே: விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை தானே முடிந்துவிடும். பிரிட்டன் 1870இல் எழுதி, பின்னர் குப்பையிலே போட்ட அதே வரி. 2005 முதல் 'ஓ.சி.ஐ.' என்றொரு அட்டை கொடுக்கிறார்கள். கடல்கடந்த இந்தியக் குடிமகன் என்று பெயர். பெயரிலே குடிமகன் இருக்கிறான், பொருளிலே இல்லை. வாழ்நாள் முழுதும் விசா இன்றி வரலாம், தங்கலாம், தொழில் செய்யலாம். வாக்களிக்க முடியாது, சட்டமன்றத்திலே அமர முடியாது, வயல் வாங்க முடியாது. 2021இல் வந்த அறிவிப்பின்படி, பத்திரிகைத் தொழிலுக்கும் ஆராய்ச்சிக்கும் தனி அனுமதி கேட்க வேண்டும். அரசு நினைத்தால் சட்டப்படி காரணம் காட்டி அட்டையைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம். வசதியான அட்டைதான், வாங்குவதிலே தவறில்லை. அதை இரட்டைக் குடியுரிமை என்று அழைப்பது, வாடகை வீட்டுக்குச் சொந்தப் பத்திரம் எழுதுவதாகும்.

இலங்கை 1987இல் உண்மையான இரட்டைக் குடியுரிமைக்கு வழி செய்தது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றதால் இழந்தவர் விண்ணப்பித்து மீட்கலாம்; அது இலங்கைக்கு நன்மை தருமா என்று அமைச்சர் பார்ப்பார். 2015இல், இரட்டைக் குடிமக்கள் நாடாளுமன்றம் புகக்கூடாது என்றனர்; 2020இல் புகலாம் என்றனர்; 2022இல் மறுபடி கூடாது என்றனர். ஆளுக்கு ஏற்ற ஆடை தைக்கும் சட்டத் தையற்காரர்கள்!

இதே இலங்கைதான் 1948இல், மலையகத்திலே தேயிலைக் கொழுந்து கிள்ளிய இலட்சக்கணக்கான தமிழரை நாடற்றவராக்கியது. அவர்கள் இரண்டு கேட்டவர்கள் அல்லர். பிறந்து வளர்ந்த மண்ணிலே ஒன்று கேட்டார்கள். பிறப்புக்காக விலங்கு பூட்டிய அதே ஆங்கிலச் சட்ட மரபின் வாரிசுகள், அங்கு பிறந்தது போதாது, தந்தையும் பிறந்திருக்க வேண்டும், தாள் காட்டு என்றனர்! 1964இல் சாஸ்திரியும் சிறிமாவும் உடன்பாடு எழுதினர்: 9,75,000 பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்ப்போம். சரக்கு பிரிப்பது போலப் பிரித்தனர். எஞ்சியோருக்கு விடிவு தரும் சட்டம் கொழும்பிலே நிறைவேறியது 2003இல். 55 ஆண்டு!

ஆகவே, விண்ணப்பம் போடலாமா என்ற இளைஞனுக்கு, போடலாம் என்பதே நம் விடை. தந்தையின் மண்பற்று குறைந்துவிடாது; மண்மீது வைக்கும் அன்புக்கு எந்த நாட்டு முத்திரையும் தேவையில்லை, எந்த நாட்டு முத்திரையும் அதனை அழிப்பதும் இல்லை. ஆனால் கையெழுத்துக்கு முன் இரு நாட்டுச் சட்டத்தையும் அவனே படிக்க வேண்டும். தரகனைக் கேட்டு முடிவு செய்யக்கூடாது. ஒன்றைப் பெற்றால் மற்றது தானே போகுமா? கட்டாயப் படைப்பணி உண்டா? அமெரிக்கா போல, எங்கே வாழ்ந்தாலும் தன் குடிமகனிடம் வரிக்கணக்குக் கேட்கும் நாடா? நாளை பொதுவாழ்வில் நிற்க எண்ணமுண்டா? ஆஸ்திரேலியத் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ், தந்தை வழியாக நியூசிலாந்துக் குடியுரிமையும் தமக்கு இருப்பதை அறியாமலே இருந்து, 2017இல் நாடாளுமன்ற இடத்தை இழந்தார். விண்ணப்பிக்காதவரையும் பிறப்பு இன்னும் இப்படித் துரத்துகிறது. ஒன்றைத் துறந்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், மற்றது கைக்கு வந்து உறுதியானபின் துறக்க வேண்டும்.

மனைவியும் மக்களும் இருப்பின் அவர்களுக்கான பிரிவுகளைத் தனியே பார்க்க வேண்டும். இந்தியச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, தந்தையோ தாயோ குடியுரிமையைத் துறந்தால் வயது வராத பிள்ளையும் அதனை இழக்கிறது. அந்தப் பிள்ளை வயது வந்த ஓராண்டுக்குள் தானே அறிவிப்புக் கொடுத்து அதை மீட்டுக்கொள்ளலாம்.